கலெக்டர் காலில் மஞ்சள் கயிறு

"நீயே சொல்லும்மா. இங்கயே பெரிம்மாகூட இருக்கியா, இல்ல எங்ககூட பெங்களூரு வரியா?"

கேட்டவர் குமரேசன், என் தங்கை மஞ்சுளாவின் கணவர். கேட்கப்பட்டவள் அவர்களுடைய மூத்த மகள் ரேவதி. அப்போது அவளுக்குப் பத்து வயது. அதில் ஆறு வருடம் என் வீட்டில் வளர்ந்தவள்.

கோடை விடுமுறை. வேங்கிக்காலில் எங்கள் வீட்டுப் பின்பக்கத் தாழ்வாரத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். தட்டில் சர்க்கரை தூவிய கிர்ணிப் பழம். மலைப் பக்கமிருந்து வந்த அனலில் கொய்யா இலைகள் சுருண்டிருந்தன.

எனக்குப் பயமே இல்லை. "பொண்ணே சொல்லட்டும், அவ சொல்றதுதான் முடிவு" என்று அந்தப் பேச்சை எடுத்ததே நான்தான். பதில் என் முந்தானையில் முடிந்துவைத்திருக்கிறது என்று அவ்வளவு நம்பிக்கை.

ரேவதி என்னைப் பார்க்கவில்லை. அவள் அம்மாவையும் பார்க்கவில்லை. தோட்டத்தைப் பார்த்தாள். அங்கே எங்கள் சிவப்புச் சேவல் குழாயடி ஈரத்தைக் கிளறிக்கொண்டிருந்தது. அதன் வலது காலில் ஒரு மஞ்சள் கயிறு.

"அம்மாகூடப் போறேன்" என்றாள்.

நான் பழத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். யாரும் சாப்பிட்டு முடித்திருக்கவில்லை. சமையலறையில் நின்றபடியே மொத்தத்தையும் நானே தின்றேன். அழுகை வந்தால் வாயில் எதையாவது போட்டு அடைப்பது என் வழக்கம். இன்றைக்கும் அப்படித்தான்.

போன வாரம் இந்தப் பத்தியில் என் டைப்ரைட்டரைப் பற்றி எழுதும்போது, "வீட்டில் கோழி வளர்த்த நாளில்" என்று ஒரு வரி போகிற போக்கில் வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு செங்கத்திலிருந்து ஒரு வாசகி, கோழிகளைப் பற்றி ஏன் இத்தனை வாரம் மூச்சு விடவில்லை என்று கேட்டு எழுதியிருக்கிறார். காரணம் இருக்கிறது. அந்தக் கதை ரொம்ப காலம் எனக்கே பாதிதான் தெரிந்திருந்தது.

துணிப்பையில் வந்தவள்

மாவட்டம் பிரிந்து, கலெக்டர் ஆபீஸ் எங்கள் ஊருக்கு வந்த புதிது. வேலூரிலிருந்து மாற்றலாகி நான் அங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். ஆபீஸுக்கு நடந்து போகிற தூரத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டினோம். பின்னால் நாலு பாய் விரிக்கிற அளவுக்கு மண். அதைத் தோட்டம் என்று நாங்கள் மட்டும்தான் சொல்லிக்கொண்டோம். ஒரு கொய்யா, ஒரு முருங்கை, அவர் உயிராக வளர்த்த கனகாம்பரம், அவ்வளவுதான்.

கல்யாணமாகி எட்டு வருடம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. இதைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறேன். இங்கேயே நின்றால் இந்த வாரத்துப் பக்கம் போதாது.

மஞ்சுளாவுக்கு இரண்டாவது பிரசவம் சிக்கலாகிப் படுத்துவிட்டாள். பெங்களூரில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. "மூணு மாசம் வெச்சுக்கோக்கா" என்று நாலு வயது ரேவதியைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த மூன்று மாதம் நீண்டுகொண்டே போனது. கைக்குழந்தைக்கு உடம்பு சரியில்லை, வீடு மாறுகிறோம், பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கவில்லை என்று வருடத்துக்கு ஒரு காரணம் வந்தது. ஒவ்வொரு காரணத்துக்கும் நான் வெளியே உச்சுக்கொட்டிவிட்டு உள்ளே சந்தோஷப்பட்டேன்.

ஆனால் வந்த முதல் வாரம் அவள் சாப்பிடவில்லை. அம்மா வேண்டும் என்று அழுதாள். சோற்றைத் துப்பினாள். என் கோபம் ஊரறிந்தது. அவள் கத்த, நான் அதைவிட ஜாஸ்தியாகக் கத்த, அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்த்தார்கள்.

வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூரில் என் அம்மா வீட்டுக்குப் போய், டவுன் பஸ்ஸில் திரும்பி வந்தார். கையில் துணிப்பை. பையின் வாயிலிருந்து ஒரு பழுப்புப் பெட்டைக்கோழி தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"வழியெல்லாம் இது ஜன்னலண்டதான் உக்காருவேன்னு ஒரே அடம்" என்று ரேவதியிடம் மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் அவள் கோழிக்கு ஒரு பிடி, தனக்கு ஒரு வாய் என்று சாப்பிட்டாள். கோழி கழுத்தை நிமிர்த்தித் தண்ணீர் விழுங்குவதைப் பார்த்து, அவளும் கழுத்தை நிமிர்த்தி விழுங்கினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வெளியே வந்தால் நிறுத்திவிடுவாளோ என்று அங்கேயே நின்றேன்.

தோட்டத்தில் ஓர் ஆபீஸ்

அந்தக் கோழிக்கு அவள் வைத்த பெயர் சூப்பரண்டு. நான் தினமும் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் எங்கள் பிரிவு சூப்பரண்டைத் திட்டுவேன். கேட்டுக் கேட்டு, உலகத்தில் எதற்கெடுத்தாலும் கொக்கரிப்பவர்களுக்கு அதுதான் பெயர் என்று நினைத்துவிட்டாள். பிறகு ஒரு கறுப்புக் கோழி வந்தது, அது தாசில்தார். தள்ளினாலும் நகராத வெள்ளைக் கோழிக்கு ஃபைல் என்று பெயர் வைத்தாள்.

சூப்பரண்டு அடைக்கு உட்கார்ந்தபோது என் அம்மா வீட்டு முறைப்படி முட்டை வைத்தேன். பழைய கூடையில் மணல், அதன்மேல் வைக்கோல், ஒற்றைப்படையில் முட்டைகள், ஓரத்தில் ஒரு கரித்துண்டு, ஓர் இரும்பு ஆணி. ஆணி இருந்தால் இடி இடித்தாலும் முட்டை கெடாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. "இடிக்கும் ஆணிக்கும் என்ன சம்பந்தம்?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். ஆனால் பரணில் தேடி ஆணியை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான்.

ஆணி கோழியைக் குத்துமே என்று ரேவதிக்குக் கவலை. தன் தலை ரிப்பனை அவிழ்த்து ஆணி முழுவதும் சுற்றி வைத்தாள்.

பொரிக்க இரண்டு மூன்று நாள் இருக்கும்போது முட்டைகளை வெதுவெதுப்பான தண்ணீரில் விடுவோம். உயிருள்ள முட்டை தானாக ஆடும். முதல் தடவை அதைப் பார்த்த ரேவதி குண்டானைக் கட்டிக்கொண்டு நகரவே இல்லை. "பெரிம்மா, உள்ள யாரோ திரும்பிப் படுக்கறாங்க" என்றாள் மெதுவாக, எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

அடுத்த வருடங்களில் எத்தனையோ தடவை முட்டை வைத்தோம். அதில் ஒரு தடவை கடைசியாகப் பொரித்தது அந்தச் சிவப்புக் குஞ்சு. ஓட்டை உடைக்க முடியாமல் திணறியது. தாய்க்கோழி மற்ற குஞ்சுகளை அழைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டது. ரேவதிதான் ஓட்டை நகத்தால் கிள்ளி எடுத்தாள். அவள் உள்ளங்கையில்தான் அது ஈரம் காய்ந்தது.

அது சேவலாக வளர்ந்து, நெஞ்சை நிமிர்த்தி, தோட்டத்தை மூலைக்கு மூலை பார்வையிட ஆரம்பித்ததும் அதற்கு வேறு பெயர் பொருந்தவில்லை. கலெக்டர் ஆனது.

ஒரு நாள் எங்கள் ஆபீஸ் அதிகாரி ஒருவர், அவசரமாக டைப் அடிக்க வேண்டிய கடிதத்தோடு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். நான் "வாங்க சார்" என்கிறேன். பின்பக்கமிருந்து ரேவதி, "பெரிம்மா, கலெக்டரு மறுபடியும் கனகாம்பரத்த மேஞ்சிட்டான், ரெண்டு போடட்டா?" என்று கூவுகிறாள். அந்த மனிதர் கடிதத்தைக் கொடுக்காமலே ஒரு நிமிடம் நின்றார். மறுநாள் ஆபீஸ் முழுக்கப் பரவிவிட்டது. நான் ஓய்வுபெறும் வரை அதைச் சொல்லியே என்னை ஓட்டினார்கள்.

நேர்ந்துகொண்டேன்

அந்தக் கோடைக்கு முன்னால் மஞ்சுளாவிடமிருந்து கடிதம் வந்தது. சொந்தமாக வீடு வாங்கிவிட்டார்கள், ரேவதிக்கு நல்ல பள்ளியில் இடமும் கிடைத்துவிட்டது, லீவில் வந்து அழைத்துப் போகிறோம் என்று எழுதியிருந்தாள். இந்தத் தடவை காரணம் எதுவும் மிச்சமில்லை.

பெற்றவள் கேட்கிறாள், கொடுக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. அதனால்தான் "பொண்ணு சொல்லட்டும்" என்று பதில் எழுதினேன். எழுதிப் போட்டுவிட்டு, அடுத்த செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டு, கீழ்பென்னாத்தூரில் எங்கள் ஏரிக்கரை அம்மன் முன்னால் போய் நின்றேன்.

எங்கள் பக்கத்தில் காரியம் கைகூட அம்மனுக்குச் சேவல் நேர்ந்துகொள்வது உண்டு. நேர்ந்த சேவலின் காலில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டால் அது அம்மனுடையது. அதை விற்கக் கூடாது, வீட்டில் அடித்துச் சாப்பிடக் கூடாது. காரியம் நடந்ததும் கோயிலில் வெட்டிப் பொங்கல் வைக்க வேண்டும். நடக்காவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிடலாம், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

"ரேவதி எங்கிட்டயே இருந்துட்டா, எங்க வூட்டு சிவப்புச் சேவல உனக்கு வுடறேன் தாயே" என்று வேண்டிக்கொண்டேன்.

தோட்டத்தில் அப்போது இன்னும் இரண்டு சேவல்கள் இருந்தன. சந்தையில் வேண்டியது கிடைக்கும். எனக்கு அந்தச் சேவல்தான் தோன்றியது.

கயிறு கட்டும்போது சேவலைப் பிடித்துக்கொண்டவர் வீட்டுக்காரர். ரேவதி பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

"வேற சேவலே கெடைக்கலயா உனக்கு?"

"பெருசா கேக்கும்போது சொத்தையா ஒண்ண குடுத்தா ஆவுமா?"

"அது அவளோடது."

"அவ இருக்கணும்னுதான கேக்கறேன். இருந்துட்டா வேற ஒண்ணு வளத்துக்கட்டும்."

இதை நான்தான் சொன்னேன். இப்போது எழுதக் கை கூசுகிறது.

சாயங்காலம் ரேவதி, "கால்ல இன்னா பெரிம்மா கயிறு?" என்று கேட்டாள். "கண்ணு படாம இருக்க" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். பக்கத்து வீட்டு மல்லிகாவுக்கு மட்டும் மதிலுக்கு மேலிருந்து பார்த்ததுமே புரிந்துவிட்டது. அவளும் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக்காரிதான், மஞ்சுளா கடிதம் போட்டதும் அவளுக்குத் தெரியும். "ஒண்ணும் கவலப்படாதீங்கக்கா, நடக்கும்" என்றாள்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். ஆட்டோ வந்து நிற்கும்வரை ரேவதி கலெக்டரைக் கையிலேயே வைத்திருந்தாள். கடைசியில் அதை என்னிடம் கொடுத்து, "பத்திரமா பாத்துக்கோ பெரிம்மா" என்றாள். என்னைக் கட்டிக்கொள்ள அவளுக்குக் கை வரவில்லை. எனக்கும் இரண்டு கையிலும் சேவல்.

கடிதத்தின் முதல் வரி

வாரம் ஒரு இன்லண்ட் கடிதம் வந்தது. எல்லாக் கடிதத்திலும் முதல் வரி ஒன்றுதான்: "அன்புள்ள பெரிம்மா, கலெக்டர் நல்லா இருக்கா?" அதற்குப் பிறகு பள்ளிக்கூடம், தம்பி, மழை. பெரிம்மா எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி கிடையாது.

பொறாமையாக இருந்தது. ஒரு சேவலோடு எனக்கென்ன பொறாமை என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது, அவ்வளவுதான். ஒரு தடவை வேண்டுமென்றே சேவலைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல் பதில் போட்டேன். நாலாம் நாள் மல்லிகா வீட்டுக்குப் போன் வந்தது. ஓடிப் போய் எடுத்தால் மறுமுனையில் ரேவதி விம்முகிறாள்.

"சேவல் இருக்கா பெரிம்மா?"

"இருக்கு, இருக்கு. சாவல. போன வை."

வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான், அவள் குரலைக் கேட்டு இரண்டு மாதம் ஆகிறதே, இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாமே என்று அடித்துக்கொண்டேன்.

மற்றக் கோழிகளை ஒரு கோடையில் கழிச்சல் நோய் வாரிக்கொண்டு போனது. கலெக்டர் மட்டும் தப்பியது. நான் ஆபீஸிலிருந்து வந்து பின்படியில் உட்கார்ந்தால் அது வந்து பக்கத்தில் நிற்கும். பொரியைத் தூவியபடி, "உன்னயாவது கேக்கறா, கொடுத்துவெச்சவன்டா நீ" என்று அதனிடம் சண்டை போடுவேன்.

கேட்டது நடக்காததால் கயிற்றை அவிழ்த்துவிடச் சொன்னாள் மல்லிகா. என்னால் முடியவில்லை. அவிழ்த்தால், அவள் இனி வரமாட்டாள் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் கயிறு நைந்தபோதெல்லாம் புதுக் கயிறு கட்டினேன். வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் சேவலைப் பிடித்துக்கொள்வார். ரேவதி லீவுக்கு நாலு நாள் வருவாள். நேராகத் தோட்டத்துக்கு ஓடி, சேவலைத் தூக்கி, அதன் காலைப் பார்ப்பாள். புதுக் கயிற்றை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழே விடுவாள். லீவு முடிவதற்கு முன்பே, "எப்ப போறோம்மா?" என்று மஞ்சுளாவைக் கேட்பாள். அது என் நெஞ்சில் முள்ளாகக் குத்தும்.

அவள் போன ஐந்தாம் வருடம், ஐப்பசி மழையில், கலெக்டர் வயதாகிச் செத்தது. முருங்கை மரத்தடியில் புதைத்தோம். கயிற்றோடுதான். அவளுக்கு எழுதினேன். பதிலில், "சரி பெரிம்மா" என்று மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு கடிதங்கள் குறைந்தன. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரி என்று அவள் வாழ்க்கை அங்கேயே வேர் பிடித்துவிட்டது.

அஞ்சு மணி பஸ்

பெங்களூரில் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் ரேவதி தனியாக ஒரு நாள் வந்தாள். காலையில் கோயிலுக்குப் போய்விட்டு, மத்தியானம் வீட்டில் சாப்பிட்டாள். கையில் செல்போன், தோளில் பெரிய பை. என்னைவிட உயரமாகியிருந்தாள். சாம்பார் இன்னும் கொஞ்சம், மோர் இன்னும் கொஞ்சம் என்று ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

சாப்பிட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனாள். பின்னாலேயே நானும் போனேன். முருங்கை அடியில் நின்றுகொண்டு, திரும்பாமலே கேட்டாள்.

"பெரிம்மா, உண்மைய சொல்லு. கலெக்டர் எப்படி செத்துச்சு?"

"வயசாயிதான். எழுதினேனே."

"அம்மனுக்கு வுடலயே?"

"அது உனக்கு யாரு சொன்னா?"

"மல்லிகாக்கா. நீ கயிறு கட்டின மறுநாளே சொன்னாங்க. நான் இங்கயே இருந்துட்டா நீ இத வெட்டிப் பொங்க வெப்பேன்னு. வெட்டாம இருக்க இன்னா பண்ணணும்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னா?"

"அரிசில கல்லு பொறுக்கிகினு இருந்தாங்க. நீ உங்கம்மாகூட போய்ட்டா வெட்ட மாட்டாங்கன்னு சொல்லிச் சிரிச்சாங்க."

நான் பின்படியில் உட்கார்ந்துவிட்டேன். மல்லிகா வீடு மாறிப் போய் வருடங்கள் ஆகியிருந்தன. இருந்திருந்தாலும் அவளை என்ன சொல்ல? அவள் விளையாட்டாகச் சொன்னாள். வினையாக்கி வைத்தவள் நான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேடி."

"கேட்டேனே. நீ கண்ணு படாம இருக்கன்னு சொன்ன."

"லீவுக்கு வந்தப்பயாவது சொல்லக் கூடாதா?"

"எப்படி சொல்லுவேன்? ஒவ்வொரு வாட்டியும் புதுக் கயிறு கட்டியிருந்த பெரிம்மா."

அவள் திரும்பி வர வேண்டும் என்றுதான் ஒவ்வொரு கயிற்றையும் கட்டினேன். அந்தக் கயிற்றைப் பார்த்துத்தான் ஒவ்வொரு தடவையும் அவள் திரும்பிப் போயிருக்கிறாள். கடிதத்தின் முதல் வரியில் சேவலை அவள் ஏன் கேட்டாள், போனில் ஏன் அப்படி அழுதாள் என்பதெல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் இருந்திருந்தா வெட்டியிருப்பியா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவளிடம் ஏற்கெனவே ஒரு பொய் சொல்லி, அதற்குப் பதினோரு வருடம் அனுபவித்தாயிற்று.

"வெட்டியிருப்பேன்."

"தெரியும்" என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வெறும் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கனகாம்பரம் மதில் ஓரமாக மண்டிக் கிடந்தது. அதை மேய யாருமில்லை.

"இப்ப சேவல் எதுவும் இல்ல, இல்ல?"

"இல்ல."

"அப்ப கேளு."

"என்னத்த?"

"அன்னிக்கு அப்பா கேட்டாரே, அத."

கேட்டேன்.

"இங்கயே பெரிம்மாகூட இருக்கியா, இல்ல பெங்களூரு போறியா?"

"இங்கயே இருக்கேன்" என்றாள். யோசிக்கவே இல்லை.

மணி நாலரை ஆகியிருந்தது. அவளுடைய பையை நான் எடுத்துக்கொண்டேன். அஞ்சு மணி பெங்களூர் பஸ்ஸுக்கு இரண்டு பேரும் கிளம்பினோம்.